நம்பர் அக்கா சொல்லிக்கொடுத்த வெளிச்சம்

என் அக்கா சாய்பின்னுக்கு ஒரே மகள். பிள்ளை பிறந்த அன்று வடக்குத் தாய்லாந்தில் எங்கள் மே சேம் மலையில் உறைபனி இறங்கி, புல்லெல்லாம் உப்புத் தூவிய மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. அவள் அப்பன் ஊரில் அந்தப் பனிக்குக் கனிங் என்று பெயர். அதையே பிள்ளைக்கு வைத்துவிட்டான். சான்றிதழில் இருக்கிற நீளமான பெயர் வாத்தியார்களுக்கு மட்டும்தான்.

கனிங் பெரிய அழகியும் இல்லை, பிறவி மேதையும் இல்லை. ஆனால் எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பார்த்து, இவருக்கு என்ன பதில் வேண்டும் என்று கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. என் அக்கா சந்தையில் அரிசிச் சேவையும் காரக் குழம்பும் விற்கிறாள். பிள்ளைக்கு ஏழு வயது இருக்கும்போது ஒருநாள் குழம்பை ஒரு கரண்டி ஊற்றி, "உறைக்குதாடி?" என்று கேட்டாள். "இல்லம்மா, நல்லாருக்கு" என்றது பிள்ளை. அன்று சாப்பிட வந்தவன் எல்லாம் தண்ணீர்ப் பானையைக் கட்டிக்கொண்டு நின்றான். மிளகாய் இரண்டு தடவை விழுந்திருக்கிறது.

"ஏண்டி பொய் சொன்ன?"

"நீ நல்லாருக்குன்னு கேக்க ஆசப்பட்ட மாதிரி இருந்துச்சும்மா."

எல்லோரும் சிரித்தோம். நல்ல குணம் என்றோம். பள்ளிக்கூடத்திலும் அதைத்தான் சொன்னார்கள். இந்தக் குணத்துக்கு மார்க் கிடைக்கும். கிடைத்தது. மருந்தியல் படிக்கச் சியாங் மாய் பல்கலைக்கழகம் ஒன்றில் இடமும் கிடைத்தது.

அந்த ஊரில் நான் சிவப்பு வண்டி ஓட்டுகிறேன். பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, கை காட்டுகிறவர்களை ஏற்றிக்கொண்டு போவேன். மாமன் வீடு இருக்கும்போது விடுதி எதற்கு என்று அக்கா சொல்லிவிட்டதால், மாடியறையைக் கனிங்குக்கு ஒழித்துக் கொடுத்தோம். என் பெண்சாதிக்குச் சந்தோஷம். எனக்கும்தான். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

இங்கே கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு. உன் சேர்க்கை எண்ணின் கடைசி இலக்கங்கள் என்னவோ, அதே இலக்கங்கள் உள்ள மேல்வகுப்புப் பிள்ளை உனக்கு அக்கா, இல்லாவிட்டால் அண்ணன். ரத்த சொந்தம் தோற்றுப்போகும். நம்பர் அக்கா தன் பழைய கேள்வித்தாளைத் தருவாள், ஆய்வகத்தில் மாட்டுகிற கோட்டுத் தருவாள், பரீட்சைக்கு முன்னால் பால் டீ வாங்கி வாசலில் தொங்கவிட்டுப் போவாள். எந்த வாத்தியார் எதைக் கேட்பார், யார் சிரித்தால் பாஸ், யார் சிரித்தால் ஆபத்து, எல்லாம் அக்காவிடமிருந்து தங்கைக்கு, அவளிடமிருந்து அடுத்தவளுக்கு. பாதிப் படிப்பு இந்த வழியில்தான் நடக்கிறது என்பது என் கணிப்பு.

முதல் வருடப் பிள்ளைகள் எல்லோரும் தியான முகாமுக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் பட்டம் வாங்க விடமாட்டார்கள். மனசு நல்லா இருக்க வேண்டும் என்பதற்காகவாம். மலையடிவாரத்து விகாரையில் வெள்ளை உடுத்தி, வாய் பேசாமல், உச்சிப் பொழுதுக்கு மேல் சோறு தொடாமல் இருக்க வேண்டும். நடக்கும்போது வலது போகிறது, இடது போகிறது என்று மனசுக்குள் சொல்லி நடப்பது. உட்காரும்போது வயிறு எழுகிறது, வயிறு தாழ்கிறது என்று கவனிப்பது. இதெல்லாம் எங்கள் ஊரில் யாருக்கும் புதிதில்லை. பிள்ளைகள் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. ஒவ்வொரு நாளும் குருவின் முன்னால் மண்டியிட்டு, உட்கார்ந்திருந்தபோது மனசில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் நேரம் என்பார்கள்.

கனிங் முதல் வருடம் போனபோது அவளுக்கு எதுவும் நடக்கவில்லை. கால் மரத்தது, பசித்தது, அவ்வளவுதான். குருவிடம் போய்ப் பசிக்கிறது என்றா சொல்வது? நம்பர் அக்காவைக் கேட்டாள். பழைய கேள்வித்தாள் கொடுத்த மாதிரியே அவள் இதையும் கொடுத்தாள்.

"வெள்ளையா ஒரு வெளிச்சம் வந்துச்சுன்னு சொல்லு. ஒடம்பு பஞ்சு மாதிரி ஆச்சு. அம்மா ஞாபகம் வந்து அழுகை வந்துச்சு. இப்ப நல்லா தூக்கம் வருது. அவ்ளோதான். எனக்கும் என் அக்கா இப்படித்தான் சொல்லிக்குடுத்தா."

அப்போது அங்கே குருவாக இருந்தவர் வயதான பிக்கு. காது அரைகுறை. யார் என்ன சொன்னாலும், "நல்லது, நல்லது. கவனிச்சுக்கிட்டே இரு" என்பார். கனிங் சொன்னதற்கும் அதையேதான் சொன்னார். ஆனால் அவள் சொன்ன விதத்தில், அம்மா ஞாபகம் என்ற இடத்தில் குரல் உடைந்த விதத்தில், பக்கத்தில் இருந்த கல்லூரி ஆசிரியைக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

பிறகு என்ன, அடுத்த முகாமுக்குத் தலைவி கனிங்தான். பிள்ளைகளுக்கு முன்வரிசையில் உட்கார்ந்து வழிகாட்டுகிறவள். கல்லூரிச் சுவரில் அவள் வெள்ளை உடையில் கண்மூடி உட்கார்ந்திருக்கும் படம். கீழே, மனம் அமைதி என்று என்னவோ எழுதியிருந்தது. அதே படத்தை என் அக்கா பெரிதாக்கிச் சேவைக் கடையில் மாட்டினாள். நான் வண்டியின் முன்கண்ணாடி ஓரத்தில் ஒட்டினேன். ஏறுகிறவர்கள், "யார் இது, சாமியாரம்மாவா?" என்பார்கள். "என் அக்கா மக" என்பேன்.

மூன்றாம் வருடத்தில்தான் கோளாறு தொடங்கியது. பாடம் ஏறியது, ஆய்வகம் ஏறியது. கனிங்கின் தூக்கம் போயிற்று. காலையில் நான் வண்டியைத் துடைக்க இறங்கும்போது மாடியறை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சோற்றைப் பிசைவாள், வாய்க்குப் போகாது. என் பெண்சாதி, "அவ தலைமுடி கொத்துக் கொத்தா குளியலறையில கெடக்குது" என்றாள். ஒருநாள் காலை கல்லூரிக்குப் போகிற வழியில் ஸ்கூட்டரோடு சாய்ந்து விழுந்தாள். எதிரே வண்டி எதுவும் வரவில்லை, பிழைத்தாள். முழங்கை சிராய்ப்போடு போயிற்று.

"தூங்கிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. கல்லு."

"அந்த ரோட்டுல இருக்கிற குண்டு குழியெல்லாம் எனக்கு மனப்பாடம். எந்தக் கல்லு?"

"சின்னக் கல்லு மாமா."

"ராத்திரி தூங்குறியா இல்லியா?"

"நல்லா தூங்குறேன். நீங்க வேற."

என்னிடமும் அதே பதில். நான் எதைக் கேட்க ஆசைப்பட்டேன் என்று என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போல.

பிற்பாடுதான் எனக்கு விவரம் தெரிந்தது. கல்லூரியில் பிள்ளைகளின் மனசுக்கென்று ஒரு டாக்டர் அறை இருக்கிறது. கனிங் அந்த வாசல் வரைக்கும் இரண்டு தடவை போயிருக்கிறாள். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில்தான் அவள் படம் தொங்குகிறது. வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் படத்தையும் பார்ப்பார்கள், அவளையும் பார்ப்பார்கள். தியானத்துக்குத் தலைவி தூக்கம் வராமல் மாத்திரை வாங்க வந்தாள் என்றால் எப்படி இருக்கும்? திரும்பி வந்துவிட்டாள்.

அந்த நிலைமையில்தான் அந்த வருடத்து முகாமும் வந்தது. முதல் வருடப் பிள்ளைகளை ஏற்றிப் போக எங்கள் ஸ்டாண்டில் இருந்து வண்டிகள் போயின. கனிங் என் வண்டியில் ஏறினாள். முன்னால் உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை, பிள்ளைகளோடு பின்னால் போய்விட்டாள். என் தலைக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கண்ணாடிச் சன்னல் மூடாது. எல்லாம் கேட்டது.

"அக்கா, சொல்லும் நேரத்துல என்ன கேப்பாங்க?" என்று ஒரு குண்டுப் பிள்ளை கேட்டது. துக்தா என்று பெயர். ஏறினதிலிருந்து பொரித்த கோழி தின்றுகொண்டே வந்தது, இனி மத்தியானத்துக்கு மேல் கிடைக்காதாம்.

"பயப்படாதீங்க. நான் சொல்றத மனசுல வச்சுக்குங்க. வெள்ளையா ஒரு வெளிச்சம்…"

"வெள்ளையா வெளிச்சம்" என்று பிள்ளைகள் எல்லாம் திருப்பிச் சொன்னார்கள், பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு மாதிரி.

"ஒடம்பு பஞ்சு மாதிரி."

"துக்தா ஒடம்பு எப்படிக்கா பஞ்சாகும்? மூட்டையாத்தான் ஆகும்" என்றது ஒன்று.

"ஏய், எலும்புக்கூடு, வாய மூடு."

சிரிப்பு அடங்கின பிறகு ஒரு மெல்லிய குரல் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். கடைசியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை. ‘நான்’ என்று வடக்கே ஒரு மாகாணம் இருக்கிறது, அந்த ஊர்க்காரி. பெயர் பைலின். அது கனிங்கின் சொந்த நம்பர் தங்கச்சி.

"அக்கா, தூக்கமே வரமாட்டேங்குதுன்னு சொல்லலாமா?"

வண்டி ஒரு வளைவு திரும்பி, இன்னொரு வளைவும் திரும்பியது.

"வேணாம்டா. அத சொன்னா தனியா கூப்புட்டு வச்சுக் கேள்வி மேல கேள்வி கேப்பாங்க. நல்லா தூங்குறேன்னு சொல்லிரு. சீக்கிரம் முடிஞ்சிரும்."

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் ஒரு மாதிரியாக இருக்கிறது.

அந்த வருடம் விகாரையில் ஒரு மாற்றம். வயதான பிக்குவுக்கு உடம்பு முடியாததால், பெண் பிள்ளைகளைக் கவனிக்க மே சீ புவாசோன் வந்திருந்தார். மே சீ என்றால் தலை மழித்து வெள்ளை உடுத்தின பெண் துறவி. இந்த அம்மாவுக்குக் காது பிரமாதமாகக் கேட்கும். பாத்திரம் கழுவுகிற இடத்தில் யாராவது கிசுகிசுத்தால் மண்டபத்தில் இருந்து, "யாருடா அது பேசறது?" என்று குரல் வரும்.

முகாமுக்கு ஐஸும் சோயாப் பாலும் கொண்டுபோகிற வேலையை எனக்குத்தான் விட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் காலை பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். மண்டபத்துக்குச் சுவர் கிடையாது, தூண்கள்தான். சொல்லும் நேரம் நடந்துகொண்டிருந்தது. மே சீக்கு எதிரே பிள்ளைகள் வரிசையாக மண்டியிட்டிருக்க, ஓரத்தில் கனிங், தலைவி இடத்தில். முதுகு நேராக, கை மடியில். சுவரில் இருக்கிற அதே படம்தான். கண்ணுக்குக் கீழே மட்டும் கருப்பு.

முதல் பிள்ளை, "வெள்ளையா வெளிச்சம் வந்துச்சும்மா, ஒடம்பு பஞ்சு மாதிரி ஆச்சு" என்றது. மே சீ தலையாட்டினார். இரண்டாவதும் அதையே சொன்னது. மூன்றாவது பஞ்சை முதலில் வைத்து வெளிச்சத்தைப் பின்னால் வைத்தது. நாலாவது முடிப்பதற்குள் மே சீ கையை உயர்த்தினார்.

"என்னம்மா இன்னிக்கு இங்க பஞ்சு லாரியே எறங்கியிருக்கு?"

பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

"அடுத்து யாரு? நீயா? வாடா கண்ணு. உனக்கு என்ன வந்துச்சு?"

துக்தா முழங்காலில் நகர்ந்து வந்தது. "வெளிச்சம்மா."

"சரி. எந்தப் பக்கம் இருந்து வந்துச்சு?"

துக்தா முழித்தது. வலது பக்கம் பார்த்தது, இடது பக்கம் பார்த்தது, கடைசியில் கனிங்கைப் பார்த்தது.

"அக்கா அத சொல்லிக்குடுக்கலம்மா."

மண்டபமே கொல்லென்று சிரித்தது. பேசக்கூடாது என்ற விரதமெல்லாம் காற்றில் போயிற்று. நான் ஐஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். மே சீயும் சிரித்தார், வாயைப் பொத்திக்கொண்டு. சிரிக்காதவள் கனிங் ஒருத்திதான். காது இரண்டும் சிவந்து, உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருந்தாள்.

"சரி சரி. அப்ப நெசமா என்ன வந்துச்சு உனக்கு?"

"கோழிம்மா."

"என்னது?"

"பொரிச்ச கோழி. கண்ண மூடினா கோழிதான் வருது. அப்பறம் தூங்கிட்டேன். எழுந்தப்ப எச்சி ஒழுகியிருந்துச்சு."

"இது நல்லாருக்கே. இதத்தான் நான் கேக்குறேன். கோழி வந்தா கோழி வருதுன்னு பாரு." மே சீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது யாரு?" என்றார்.

அடுத்தது பைலின். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. இப்போதாவது அந்தப் பிள்ளை உள்ளதைச் சொல்லியிருக்கலாம். கதவுதான் திறந்து கிடந்ததே. ஆனால் அது குனிந்து கும்பிட்டு, பாடம் ஒப்பிக்கிற குரலில், "நான் நல்லா இருக்கேம்மா. நல்லா தூங்குறேன்" என்றது.

மே சீ அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் கனிங்கின் குரல் வந்தது.

"அவ தூங்கலம்மா."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"அவ தூங்கல. வண்டியில வரும்போதே சொன்னா. சொல்லாதேன்னு நாந்தான் சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்ன?"

கனிங் மே சீயின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இவருக்கு என்ன பதில் வேண்டும் என்று தேடுகிற பார்வை. இந்தத் தடவை அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை போல. உதடு கோணிற்று.

"ஏன்னா நானும் அத சொன்னதே இல்லம்மா. நானும் தூங்கல."

"எத்தன நாளா?"

"எண்ணுறத விட்டுட்டேன். பரீட்சைக்கு முன்னாடியே இருந்து. மூச்சக் கவனிச்சா மூச்சு அடைக்குது. நெஞ்சு மேல யாரோ ஏறி ஒக்காந்த மாதிரி இருக்கு. எழுந்து ஓடணும்போல இருக்கும். ஆனா இவங்கல்லாம் என்னப் பாத்துத்தான ஒக்காந்திருக்காங்க? நான் எப்படி எந்திரிக்கிறது?"

பிறகு, யாரிடமும் பேசுகிற மாதிரி இல்லாமல் சொன்னாள்: "வெளிச்சம்லாம் ஒண்ணும் வந்ததில்லம்மா. ஒரு நாளும் வந்ததில்ல. ஸ்கூட்டர் ஓட்டும்போது சில நேரம் அப்படியே கண்ண மூடிரலாம்னு தோணும். அன்னிக்கு மூடிட்டேன்."

சின்னக் கல்லு என்று என்னிடம் சொன்னாளே, அது இதுதான். தூணைப் பிடித்துக்கொண்டேன்.

மே சீ எழுந்து வந்து கனிங்குக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். உபதேசம் எதுவும் செய்யவில்லை. அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளை அழுது முடிக்கிற வரைக்கும் சும்மா இருந்தார். பைலின் முழங்காலிலேயே நகர்ந்து வந்து கனிங்கின் முதுகில் சாய்ந்துகொண்டது. துக்தா எங்கிருந்தோ ஒரு கட்டு டிஷ்யூ கொண்டுவந்து, பாதியைக் கொடுத்துவிட்டுப் பாதியைத் தானே உபயோகித்தது.

"இன்னியில இருந்து நீ ஒக்காராத" என்றார் மே சீ.

"இங்கயாம்மா?"

"இங்கயும் வேணாம், வீட்டுலயும் வேணாம். தூக்கமில்லாத ஒடம்ப வச்சுக்கிட்டு மணிக்கணக்கா மூச்சையே பாத்தா இன்னும் மோசமாத்தான் போகும். மொதல்ல டாக்டரப் பாரு. அவங்க சரின்னு சொல்லி, உனக்கும் வேணும்னு தோணினா வா. தோணலைன்னா வராத. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"முகாமுக்குத் தலைவி…"

"தலைவி எதுக்கு? எல்லாரும் கண்ண மூடித்தான ஒக்காந்திருக்காங்க, யாரு யாரப் பாக்கப் போறாங்க?"

கனிங் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். மூக்கில் இருந்து குமிழி வந்தது. அதைப் பார்த்துப் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

மே சீ அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். "ஐஸ்காரரே, ஒட்டுக் கேட்டது போதும். வண்டி காலியா இருக்கா?"

"இருக்குங்கம்மா. அது என் அக்கா மக."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு நேரா டாக்டர்கிட்டப் போங்க. வீட்டுக்குப் போயிட்டுப் போறேன், சாப்ட்டுட்டுப் போறேன்னு வேணாம்."

மலையிறங்கும்போது கனிங் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பைலின் பின்னால். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது ஏடாகூடமாகத்தான் கேட்பேன். அவளே போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். அக்காவின் குரல் எப்போதும் சந்தை முழுக்கக் கேட்கிற குரல், எனக்கும் கேட்டது.

"அம்மா, எனக்கு ரொம்ப நாளா தூக்கம் வரல. மனசு சரியில்ல. டாக்டர்கிட்டப் போறேன்."

அந்தப் பக்கம் சேவைக் கடை இரைச்சல் மட்டும்.

"அம்மா? கேக்குதா?"

"ஏண்டி, இத்தன நாளா என்னடி பண்ணிட்டிருந்த?" அக்காவின் குரல் உடைந்தது. "ஒங்க மாமன் என்ன பண்ணிட்டிருந்தான்? இரு, நான் பஸ் ஏர்றேன். ஐயோ, குழம்பு அடுப்புல. இரு, எறக்கி வச்சிட்டு வர்றேன்."

"கட சாத்த வேணாம்மா…"

"கடையாவது மண்ணாவது. அந்தப் படத்த வேற மாட்டி வச்சிருக்கேன். மாட்டாதன்னு சொல்லித் தொலஞ்சிருக்கலாமில்ல?"

"நீ ஆசப்பட்டியேம்மா."

"ஆமா, ஆசப்பட்டேன். போடி." வைத்துவிட்டாள். உடனே திரும்பக் கூப்பிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டாள்.

டாக்டர் அறையில் அதிக நேரம் ஆயிற்று. கனிங் முதலில் உள்ளே போனாள், பிறகு பைலின். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். எதிர்ச்சுவரில் அந்தப் படம். கனிங் வெளியே வந்ததும் அதன் முன்னால் கொஞ்சம் நின்றாள்.

"கழட்டிரலாமா?" என்று கேட்டேன். சும்மா கேட்கவில்லை, ஸ்குரூ டிரைவர் வண்டியில் இருந்தது.

"இருக்கட்டும் மாமா. நாளைக்கு நானே ஆபீசுல சொல்லிக் கழட்டச் சொல்றேன். இவ்ளோ நேரம் உள்ள பேசினேன்ல, அது ஒண்ணுதான் பாக்கி."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"இது வர்றதுதானாம். நெறையப் பேருக்கு வருதாம். மாத்திரை குடுத்திருக்காங்க, வாரா வாரம் வந்து பேசணும். இந்தப் பருவத்துல ரெண்டு பாடத்த விட்டுட்டுப் பின்னாடி எழுதிக்கலாமாம். ஸ்கூட்டர் கொஞ்ச நாளைக்குத் தொடக் கூடாதாம்." கொஞ்சம் நிறுத்தி, "பசிக்குது மாமா" என்றாள்.

அவள் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. வாசலில் விற்ற ஒட்டரிசிச் சோறும் பன்றிக்கறித் தொத்திறைச்சியும் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பிள்ளைகளும் வண்டியில் உட்கார்ந்து, விரலை நக்கி நக்கித் தின்றார்கள். பைலினுக்கு வீடு தூரம், அன்றைக்கு விடுதியில் தனியாக விட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால், எங்கள் வீட்டுக்கே கூட்டிப் போவதாக முடிவு. மாத்திரையெல்லாம் ராத்திரிக்குத்தான்.

பழைய ஊரைச் சுற்றி ஓடுகிற அகழி ரோட்டுக்கு வருவதற்குள் கனிங் பேச்சை நிறுத்தியிருந்தாள். திரும்பிப் பார்த்தேன். கதவில் தலை சாய்ந்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டப்பகல், வெயில் மூஞ்சியில் அடிக்கிறது, ஒரு பக்கம் பஸ், ஒரு பக்கம் ஆம்புலன்ஸ். எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. கை மடியில் இல்லை, முதுகு நேராக இல்லை. குறட்டை விட்டாள், சத்தமாக. நான் வெயில் மறைப்பை அவள் பக்கம் திருப்பிவிட்டு, பள்ளம் மேடு பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

சந்தை முனையில் ஒரு அம்மா கை காட்டினாள். பழக்கதோஷம், நிறுத்திவிட்டேன். கை நிறையப் பையோடு பின்னால் ஏறினவள் கத்தினாள்.

"என்னய்யா இது, ஒரு பொண்ணு பெஞ்சு முழுக்கப் படுத்துக் கெடக்கு! குடிச்சிருக்கா?"

சன்னல் வழியாக மெதுவாகச் சொன்னேன். "பரீட்சைப் புள்ளம்மா. ரொம்ப நாளா தூக்கமில்ல. இப்பத்தான் கண்ண மூடுச்சு. எதுத்த பெஞ்சுல ஒக்காந்துக்குங்க."

"முன்னாடி ஒண்ணு குறட்ட விடுது, அது?"

"அதுவும்தான்."

கண்ணாடியில் பார்த்தேன். பைலின் உருண்டு விழாமல் இருக்க, அந்த அம்மா தன் காய்கறிப் பைகளை எடுத்து அந்தப் பெஞ்சு ஓரத்தில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் பாட்டுக்கு ஓட்டினேன். அகழியைப் பாதி சுற்றியாயிற்று. சன்னலில் யாரோ விரலால் லேசாகத் தட்டினார்கள்.

"என் தெரு அப்பவே போயிருச்சு" என்று அந்த அம்மா கிசுகிசுத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பெல் அடிச்சிருக்கலாமேம்மா."

"உன் பெல்லு என்ன சத்தம் போடும்னு எனக்குத் தெரியாதா? புள்ளைங்க எந்திரிச்சிராதா? அறிவிருக்கா? ஒழுங்கா இன்னொரு சுத்து சுத்திட்டு வந்து எறக்கிவிடு."

சரி என்று இன்னொரு சுற்று போனேன்.